பெற்றோர் அச்சமும் வாயில்லா உயிரும்

பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது பெற்றோர் உடனே ‘ஆம்’ என்று சொல்வதும் உண்டு; உடனே ‘இல்லை’ என்று சொல்வதும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்றும் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு விடை கூறாது, ‘பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போய்விடுவதே அது. பிராணிகள் காப்பகம் ஒன்றில் ஊதியமின்றிச் சிலகாலம் தொண்டு செய்ய விரும்புவதாகப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை வந்து கேட்கும்போது, தமிழ் வீடுகளில் பெரும்பாலும் எழும் சொல் இந்தப் ‘பார்ப்போம்’ என்பதே. அச்சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் அச்சங்கள் எவை, அவற்றுள் நியாயமானவை எவை, அவற்றை நீக்கும் வழி யாது என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கே, நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து, புல்மோட்டை வீதியில் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் சென்றால் திரியாய் என்னும் பழம்பதியை அடையலாம். வயலையும் மந்தையையும் நம்பி வாழ்ந்த ஊர் அது. அத்தகைய ஊரிலே பிறந்த பிள்ளைக்கு விலங்கு புதிதன்று. கன்று பிறப்பதைக் கண்டிருக்கும். காட்டுக்குப் போன மாடு திரும்பாத நாளில் வீட்டார் படும் பாட்டையும் கண்டிருக்கும். ஆயினும், பாலும் தராத, ஏரும் இழுக்காத, யாருக்கும் உரிமையில்லாத ஒரு நோயாளி நாய்க்குப் பணிவிடை செய்வதற்காக வீட்டைவிட்டுப் போவது என்பது அங்குள்ள பெற்றோருக்குப் புதிய செய்தியாகவே தோன்றும். அவ்வாறு தோன்றுவதில் வியப்பில்லை.

வேறொரு காரணமும் உண்டு. 1985 ஆம் ஆண்டிலே வன்செயலின் காரணமாகத் திரியாய் மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேறினார்கள். பல ஆண்டுகள் கழித்தே அவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பி வந்து, காடு மண்டிய நிலத்தைத் திருத்தி மீண்டும் குடியமர்ந்தார்கள். அத்தகைய அனுபவத்தைப் பெற்ற தாய் தந்தையர், பிள்ளை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கவேண்டும் என்று விரும்பினால் அதனைப் பழமைவாதம் என்று எள்ளுதல் தகாது. அவர்களுடைய அச்சம் வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம். ஆதலின், அவர்களை இணங்கவைக்க விரும்புவோர் முதலில் அவ்வச்சத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். அதன் பின்னரே விடை கூறவேண்டும்.

பிராணிகள் காப்பகம் என்பது யாது? கைவிடப்பட்டனவும், வாகனத்தில் அடிபட்டனவும், நோயுற்றனவுமான நாய், பூனை, மாடு முதலியவற்றுக்கு உணவும் மருந்தும் இருப்பிடமும் அளிக்கும் இடம். யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் கண்டி வீதியில், ஆனையிறவைக் கடந்ததும் வரும் இயக்கச்சியில், சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயத்தை நிறுவியது. முதியோருக்கும், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் தொண்டு செய்துவந்த சைவ அமைப்பு ஒன்று, தெருநாய்களுக்கும் இடம் தேடியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கொழும்பிலும் கண்டியிலும் தென்கரையிலும் இவ்வகையான இல்லங்கள் உள்ளன.

இவை இக்காலத்தில் மிகுதியாக வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தன. 2006 ஆம் ஆண்டிலே அரசு அம்முறையைக் கைவிடத் தீர்மானித்தது. கொல்வதை நிறுத்தினால் மட்டும் போதுமா? பிறந்த குட்டிகள் வளர்கின்றன; அவை மேலும் குட்டிகளை ஈனுகின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் பராமரிப்பும் கூடவே நடைபெற்றால்தான் கொல்லாமை என்னும் அறம் தெருவிலே நிலைபெறும். இதற்குப் பணம் வேண்டும். மிருக வைத்தியர் வேண்டும். அவற்றினும் மேலாக, கூட்டிக் கழுவவும், சோறு வைக்கவும், தண்ணீர் மாற்றவும், எந்த நாய்க்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதிவைக்கவும் கைகள் வேண்டும். தொண்டர்களின் வேலை இதுவே. வெறிநாயைப் பிடிப்பது அவர்கள் வேலையன்று.

இனி, பெற்றோரின் அச்சங்களுக்கு வருவோம். அவற்றுள் முதலாவதும் முதன்மையானதும் கடி. நாய் கடித்துவிட்டால் என் பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாய் கேட்டால், அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. நீர்வெறுப்பு நோய் என்றும், விசர்நாய்க்கடி நோய் என்றும் வழங்கும் அந்நோய், அறிகுறிகள் தோன்றிய பின்னர் ஏறக்குறைய எல்லோரையும் கொன்றுவிடுவது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு அந்நோய் வருவது நூற்றுக்கு 99 பங்கு நாய்களாலேயே. இந்நோய் பற்றி ஐயத்துக்குரிய விலங்குகளால் கடியுண்போரில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். இவற்றை மறைத்துவிட்டுப் பெற்றோரை இணங்கச் செய்ய முயல்வது நேர்மையாகாது.

ஆனால், இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தவர் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஆண்டுக்கு இருபது, முப்பது என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. நாய்கள் குறைந்துவிட்டனவா? இல்லை. நாய்களுக்குத் தடுப்பூசி இடப்பட்டதும், கடியுண்டவர் காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடியதுமே இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணங்கள். நோயின் இயல்பும் மனிதனுக்கு ஓரளவு உதவுகிறது. கடிவாயில் புகுந்த கிருமி நரம்பு வழியே ஊர்ந்து மூளையை அடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிலரிடத்து ஒரு வாரத்திலேயே அடைந்துவிடுவதும் உண்டு. அது மூளையைச் சேருமுன் தடுப்பூசி உடலிலே காவலை எழுப்பிவிடுமாயின் உயிர் பிழைக்கும். 1885 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவ்வூசியை இட்ட நாள் முதல் இவ்வுண்மை உலகறிந்தது.

இங்கே பெற்றோர் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். காப்பகத்துக்குப் போகாதே என்று தடுத்துவிட்டால், பிள்ளை நாய்களிடமிருந்து விலகிவிடுகிறதா? பாடசாலைக்குப் போகும் வழியில் நாய் நிற்கிறது. சந்தையில் நிற்கிறது. கோயில் வீதியில் படுத்திருக்கிறது. அவற்றுள் எதற்கு ஊசி இடப்பட்டது, எது நோயுற்றது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை அவற்றை அணுகுவதும் கல்லெறிவதும் ஓடுவதும் எவருடைய கண்காணிப்பிலும் நடைபெறுவதில்லை. ஒழுங்காக நடத்தப்படும் காப்பகத்திலோ நாய்க்கு ஊசி இடப்பட்ட நாள் ஏட்டில் இருக்கும். புதிதாக வந்த நாய் தனியே அடைக்கப்பட்டிருக்கும். பெரியவர் ஒருவர் அருகில் இருப்பார். எனவே, தடை செய்வதால் நாயும் போவதில்லை, ஆபத்தும் போவதில்லை. நாயோடு எவ்வாறு பழகுவது என்று கற்கும் வாய்ப்பு ஒன்றுதான் போகிறது.

அந்தக் கல்வி உயிர் காக்கும் கல்வி. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு கிடக்கும் நாயையும் தொடலாகாது. சீறிவரும் நாயின் முன்னே ஓடலாகாது. கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் அசையாது நிற்கவேண்டும். கீழே விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக் கல்போலச் சுருண்டு கிடக்கவேண்டும். வாலையும் காதையும் பல்லையும் பார்த்து நாயின் மனநிலையை அறியவேண்டும். இவை பாடப் புத்தகத்தை மனனஞ் செய்து வருவனவல்ல. அறிந்தவர் அருகிலிருந்து காட்டவேண்டியவை.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அது வீட்டுக்குள்ளேயே பிறப்பது. நாயோடு விளையாடினால் அடிப்பேன் என்று மிரட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை, ஒருநாள் சிறு குட்டி ஒன்று பல் பதித்துவிட்டால் என்ன செய்யும்? ஏச்சுக்கு அஞ்சி மறைத்துவிடும். வேலிக் கம்பி கீறிவிட்டது என்று சொல்லும். காயம் ஆறிவிடும், அனைவரும் மறந்துவிடுவர். நோய் வெளிப்படும்போது வைத்தியர் செய்யக்கூடியது எதுவும் இராது. கடியைவிடக் கடியை மறைப்பதே கொடிது. ‘எது நடந்தாலும் முதலில் எம்மிடம் வந்து சொல், ஏசமாட்டோம்’ என்று பெற்றோர் கொடுக்கும் உறுதிமொழி, ஊசி மருந்துக்கு ஒப்பான பாதுகாப்பாகும். காப்பகத்துக்குப் போக அனுமதி கேட்டு வந்த பிள்ளை, தன் விருப்பத்தை ஒளிக்காது பெற்றோரிடம் சொல்லியிருக்கிறது. அந்த வாயிலைச் சாத்திவிடலாகாது.

கடியோ கீறலோ நேர்ந்தால் செய்யவேண்டியது யாது என்பதையும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று. காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் வரை கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் முதலியவற்றை அப்பலாகாது. மந்திரிப்பதற்காகக் காலங்கடத்தலாகாது. அன்றே அரசினர் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கே தடுப்பூசி கட்டணமின்றி இடப்படுகிறது. ஆழமான காயத்துக்கு அதனோடு வேறு மருந்தும் சேர்த்துக் கொடுப்பர். விலங்குகளோடு தொடர்ந்து பழகப் போகிறவர்கள், கடிபடுமுன்னரே வைத்தியர் குறிக்கும் நாள்களில் முன்காப்பு ஊசி பெற்றுக்கொள்ளலாம். அவ்வாறு பெற்றவரும் கடியுண்டால் மீண்டும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். ஆயினும் அவர்களுக்குப் போதும் ஊசிகளின் எண்ணிக்கை குறைவு. ஏற்புவலித் தடுப்பூசி இடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது அச்சம் அழுக்கும் தொற்றும். நாயின் மலத்தில் புழுக்களின் முட்டை இருக்கலாம். தோலிலிருந்து படர்தாமரை தொற்றலாம். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலே வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். இவை உண்மையே. வயலில் இறங்கும் கமக்காரனுக்கும் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. அதற்காக எவரும் வயலைக் கைவிடுவதில்லை. காலுக்குச் சப்பாத்து, கைக்கு உறை, வேலைக்கென்று தனியுடை, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவல், வீட்டுக்கு வந்ததும் முழுக்கு ஆகிய ஐந்தும் இருந்தால் பெரும்பகுதித் தொல்லை தீர்ந்தது. கையில் ஆறாத புண் உள்ளவரும், காய்ச்சலாய் இருப்பவரும் அன்றைக்குப் போகாது நிற்கவேண்டும்.

சில இல்லங்களில் அழுக்கு என்பதற்கு ஆசாரம் பற்றிய பொருளும் உண்டு. நாயைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வருவதா என்று பாட்டிமார் கேட்பர். அவர்களுக்கு மறுமொழி சொல்ல வெளிநாட்டு நூல்களைத் தேடவேண்டியதில்லை. வைரவர் கோயில் இல்லாத ஈழத்தமிழூர் அரிது. அவ்வைரவப் பெருமானின் ஊர்தி நாய் அன்றோ? கன்றை இழந்த பசுவின் துயரைத் தன் துயராகக் கொண்ட சோழனைத் தமிழர் மனுநீதி கண்டவன் என்று போற்றினர். திருக்கோணேச்சரத்தோடு இணைத்துப் போற்றப்படும் குளக்கோட்டு மன்னனை அச்சோழனின் மரபில் வந்தவனாகவே மரபுரை கூறும். ஆகவே, திருகோணமலை மண்ணிலே வாயில்லா உயிருக்கு இரங்குதல் வந்தேறிய வழக்கமன்று. வேலை முடிந்து முழுகிவிட்டு வரும் பிள்ளையை எந்த ஆசாரமும் வெளியே நிறுத்துவதில்லை.

மூன்றாவது அச்சம் படிப்பு. தொண்டு என்று போனால் பாடம் கெடும். பரீட்சையில் புள்ளி குறையும் என்பர். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மாதங்களில் இத்தகைய வேலை வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் அது சரியே. ஆனால், சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் காலம் ஒன்றுண்டு. அம்மாதங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் என்ன செய்கின்றனர் என்பதைப் பெற்றோர் நன்கறிவர். கைபேசியும் உறக்கமும் உண்ணும் அக்காலத்தில், காலை ஏழு மணிக்கு ஒரு நோயாளி உயிர் தனக்காகக் காத்திருக்கிறது என்னும் எண்ணம் பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்புமாயின், அதுவும் கல்வியே. நேரந்தவறாமை, அளவறிந்து மருந்து கொடுத்தல், கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தல், நன்றி சொல்லத் தெரியாத உயிரிடத்தும் கடமையில் தவறாமை ஆகியவற்றை எந்தப் பரீட்சையும் சோதிப்பதில்லை. வாழ்க்கையோ இவற்றையே நாள்தோறும் சோதிக்கிறது. மிருக வைத்தியம் பயில எண்ணும் பிள்ளைக்கு, அத்தொழில் தனக்கு ஏற்றதா என்று அறிந்துகொள்ள இதனினும் சிறந்த வழி ஏது?

நான்காவது அச்சம் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. பிள்ளை பெண்ணாயின், எவரோடு போவாள், அங்கே எவர் இருப்பர், பொழுது சாயுமுன் திரும்புவாளா, ஊரார் என்ன சொல்வர் என்பவை. இவற்றுள் முதல் மூன்றும் பொறுப்புள்ள கேள்விகள். நான்காவதற்குப் பெற்றோர் அளவுக்கு மிஞ்சி அஞ்சவேண்டியதில்லை. தாயோ தந்தையோ முதலில் தாமே சென்று பார்த்து, உடன்படும் நேரத்தையும் போக்குவரத்தையும் வகுத்து, அதன் பின்னர் அனுப்பிய பிள்ளையைப் பற்றி ஊர் பேசுவது நெடுநாள் நீடிப்பதில்லை. திரியாயிலிருந்து தொலைவான காப்பகத்துக்குப் போவதாயின் அவ்வூரில் உறவினர் வீடு இருத்தல் வேண்டும். அன்றித் தோழியர் இருவர் மூவர் ஆசிரியை ஒருவரின் துணையோடு செல்லவேண்டும். தனியே அனுப்பவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

ஐந்தாவது அச்சமே நுண்ணியது. ‘என் பிள்ளை மென்மனத்தது. அங்கே நாய் இறப்பதைக் கண்டால் தாங்காது’ என்று சில தாய்மார் கூறுவர். காப்பகத்தில் எல்லா உயிரும் பிழைப்பதில்லை என்பது மெய். இரவு பகலாகப் பார்த்த குட்டி விடியலில் இறந்து கிடப்பதும் உண்டு. பிள்ளை அழும், அன்று சோறு உண்ணாது. அத்தகைய நாளில் தாயின் துணை வேண்டும். தேவையாயின் சில நாள் ஓய்வும் வேண்டும். அழுகை அடங்காமல் உறக்கம் கெட்டால் தொண்டை நிறுத்தவும் வேண்டும். ஆயினும், துயரத்தை அறியாது வளரும் நெஞ்சம் உறுதியுடையதாகிவிடுவதில்லை. போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஊர்களில், கட்டியிருந்த மாட்டையும் காவல் காத்த நாயையும் விட்டுவிட்டு வந்த வேதனையை இன்றும் சொல்லும் முதியவர்கள் உண்டு. அத்துயரை வீட்டிலே சொல்லக் கேட்ட பிள்ளை, கைவிடப்பட்ட உயிரைக் கண்டு இரங்கினால் அது வீட்டிலேயே கற்ற பாடமன்றோ? அன்று தம்மால் செய்ய இயலாமற்போனதை இன்று பேரப்பிள்ளை செய்ய முன்வருகிறது என்று எண்ணும் முதியவரின் மனம் ஆறுதலடையாதோ?

பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே இறங்கினால் எத்தகைய காரியம் விளையும் என்பதற்குச் சென்னை நகரிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1959 ஆம் ஆண்டிலே, மழை வெள்ளம் பெருகிய தியாகராய நகர்த் தெருவில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானியான கப்டன் வி. சுந்தரம் கண்டு, எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி உஷா சுந்தரம் அம்மையாரும் விமானம் ஓட்டியவர். அவ்வம்மையாரும் பிள்ளைகள் மூவரும் முறைவைத்து அக்குட்டிகளைப் பேணினார்கள். அவ்வீட்டிலே தொடங்கிய தொண்டு ‘புளூ கிராஸ்’ என்னும் அமைப்பாக வளர்ந்து, 1964 ஆம் ஆண்டிலே முறைப்படி நிறுவப்பட்டது. இன்று அது இந்தியாவின் பெரிய பிராணி நல அமைப்புக்களுள் ஒன்று. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம் என்று அவ்வமைப்பு நெடுங்காலம் வற்புறுத்தியது. 1990களின் நடுப்பகுதியில் சென்னை மாநகராட்சி அம்முறையை மேற்கொண்டது. அன்று குட்டிகளைப் பேணிய பிள்ளைகளுள் ஒருவரான சின்னி கிருஷ்ணா, பின்னர் பொறியியலாளராகத் தொழில் நடத்திக்கொண்டே அவ்வமைப்பையும் முன்னின்று நடத்தினார். நாய்க்குட்டி அவருடைய படிப்பைக் கெடுக்கவில்லை.

கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரையும் இங்கே நினைவுகூரலாம். பரதக் கலைக்காகப் புகழ்பெற்ற அவர், இந்திய நாடாளுமன்றத்தின் மேலவையில் உறுப்பினராயிருந்தபோது விலங்குகளுக்காக வாதாடினார். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உருவாவதற்கு அவருடைய முயற்சி பெரிதும் காரணமாயிற்று. இலங்கையில் விலங்குவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் பழையது, அதனை வாழவைக்கும் கைகளே புதியனவாய்ப் பிறக்கவேண்டும்.

இவ்வளவும் கேட்ட பெற்றோர், ‘சரி, எந்தக் காப்பகத்துக்கும் அனுப்பிவிடலாமா?’ என்று வினவினால், அனுப்பலாகாது என்பதே விடை. பெயரளவில் காப்பகமாயிருந்து, உள்ளே ஒழுங்கற்றுக் கிடக்கும் இடங்களும் இருத்தல் கூடும். ஆதலால், பெற்றோர் நேரே சென்று சில கேள்விகளைக் கேட்கவேண்டும். எல்லா விலங்குகளுக்கும் தடுப்பூசி இடப்பட்டு, அதற்குப் பதிவேடு உண்டா? புதிதாக வந்தவையும் நோயுற்றவையும் தனியே வைக்கப்படுகின்றனவா? மிருக வைத்தியர் ஒழுங்காக வருகின்றாரா? இளந்தொண்டர்களை மேற்பார்வை செய்யப் பொறுப்பான பெரியவர், முடிந்தால் ஒரு பெண், எப்போதும் இருக்கின்றாரா? கடி நேர்ந்தால் எந்த வைத்தியசாலைக்கு, எந்த வாகனத்தில் கொண்டுபோவார்கள்? பெற்றோரின் எழுத்து மூலமான இசைவைக் கேட்கிறார்களா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தருவோர் பிள்ளைகளை ஒப்படைக்கத் தக்கவர். கேள்வி கேட்பதையே விரும்பாதவரிடம் பிள்ளையை அனுப்பாதிருப்பதே அறிவுடைமை. அப்போது பெற்றோர் சொல்லும் ‘இல்லை’ என்பது ஆராய்ந்து சொன்ன சொல்லாகும். காரணம் சொல்லி மறுத்தால் பிள்ளையும் ஏற்றுக்கொள்ளும்.

பிள்ளையும் சில நிபந்தனைகளுக்கு உடன்படவேண்டும். முதல் மாதம் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போகவேண்டும். பழக்கமில்லாத நாயைக் கேளாது தொடலாகாது. சிறு கீறலையும் அன்றே சொல்லவேண்டும். காணும் குட்டிகளையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிவருதல் கூடாது. ஒரு மாதத்தின் பின் பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து, தொடர்வதா விடுவதா என்று மீண்டும் பேசவேண்டும். இவ்வாறு சிறுகச் சிறுகக் கொடுக்கப்படும் சுதந்திரத்தைப் பிள்ளைகள் பேணிக் காப்பார்கள். ஒருங்கே மறுக்கப்படும் சுதந்திரத்தைக் களவாக எடுத்துக்கொள்ள முயல்வதும் இளமையின் இயல்பு.

காப்பகம் எட்டாத தொலைவில் உள்ளது, உறவினரும் இல்லை என்பவர்கள் என் செய்வது? திரியாய் போன்ற ஊரிலும் வேலைக்குக் குறைவில்லை. நாய்களுக்குத் தடுப்பூசி இடும் நாள் வரும்போது, எந்த வீட்டில் எத்தனை நாய் என்று முன்கூட்டியே எழுதி, ஊரவரை அழைத்துவரும் பணியை மாணவர் செய்யலாம். ஊசியிடும் முகாமுக்கு ஐந்து நாய்களை அதிகமாகக் கொண்டுவரச் செய்த பிள்ளை, ஊரின் உயிர்க்காவலில் பங்குகொண்ட பிள்ளையாகும். வெயிற்காலத்தில் படலைக்கு வெளியே ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கலாம். இரவிலே வீதியில் படுக்கும் மாடுகளின் கழுத்தில் ஒளிதெறிக்கும் பட்டி கட்டுமாறு உரியவரிடம் சொல்லலாம். திருகோணமலை நகரிலும் பிரட்றிக் கோட்டையிலும் திரியும் புள்ளிமான்கள் குப்பையோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. அங்கே போகும் மாணவர் உணவுப் பொதிகளை எறியாது திரும்பிக் கொண்டுவந்தாலே அம்மான்களுக்குச் செய்த தொண்டாகும். இவையெல்லாம் பெற்றோரின் கண்முன்னே நடக்கும் வேலைகள். இவற்றில் பொறுப்போடு நடந்துகாட்டிய பிள்ளையை, அடுத்த ஆண்டு காப்பகத்துக்கு அனுப்பப் பெற்றோருக்கும் துணிவு பிறக்கும்.

ஆகவே, பெற்றோரிடம் வேண்டுவது ஒன்றே. பிள்ளை வந்து கேட்கும்போது ‘பார்ப்போம்’ என்னும் சொல்லோடு நின்றுவிடாது, மெய்யாகவே போய்ப் பார்க்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் அழைத்துக்கொண்டு காப்பகத்துக்குச் செல்க. கூடுகளைப் பார்க்க, பதிவேட்டைப் பார்க்க, அங்கே வேலை செய்வோரின் முகத்தைப் பார்க்க. நாயின் அருகில் தம் பிள்ளை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க. வீட்டில் சொன்ன சொல்லைக் கேளாத பிள்ளை, அங்கே காலொடிந்த நாய் ஒன்றின் முன் பொறுமையாக அமர்ந்து, அது வாய்திறக்கும் வரை கையில் உணவோடு காத்திருப்பதைக் காணவும் கூடும். அதன் பின்னர் வீடு திரும்பி, ஆம் என்றோ இல்லை என்றோ தீர்மானிக்கலாம். எந்த விடையாயினும், அது கண்டறிந்து சொன்ன விடையாக இருக்கும்.